தினமும் நடந்தால் எதிர்ப்புச் சக்தி கூடுமா? பூங்காவில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

மயிலாப்பூர் லஸ் பக்கம் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை ஆறு மணிக்கு நடப்பவர்களில் நானும் ஒருத்தி. ஓய்வு பெறும்வரை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். டாக்டர் இல்லை. ஆனாலும் 'லேப் அக்கா' என்று பெயர் விழுந்துவிட்டதால், கையில் ரிப்போர்ட்டோடு யாராவது ஒருவர் கூடவே நடந்து வருவார். கேள்விகள் திரும்பத் திரும்ப அதேதான். மூச்சு வாங்கிக்கொண்டு பத்து முறை சொல்வதைவிட ஒரு முறை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மருந்தை மாற்றுவது, நிறுத்துவது பற்றியெல்லாம் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அது என் வேலை இல்லை.

தினமும் நடந்தால் எதிர்ப்புச் சக்தி கூடுமா, கூடாதா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

'கூடும்' என்று சொல்ல எனக்குத் தயக்கம். எதிர்ப்புச் சக்தி ஹீமோகுளோபின் மாதிரி ஒரு எண் இல்லை. 'இம்யூனிட்டி எவ்வளவு' என்று அளந்து சொல்லும் டெஸ்ட் எந்த லேபிலும் கிடையாது. தவிர, கூடினால் நல்லது என்பதும் முழு உண்மை இல்லை. அலர்ஜியும் ரூமட்டாய்டு மூட்டுவாதமும் எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வருபவை அல்ல, வேண்டாத இடத்தில் அது கை நீட்டுவதால் வருபவை. பல வருஷம் விடாமல் செய்யும் பயிற்சி, வெள்ளையணுக்கள் என்ற காவல் செல்களை அடிக்கடி ஒரு சுற்று சுற்ற வைக்கிறது; உடம்புக்குள் தேவையில்லாமல் எரிந்துகொண்டிருக்கும் அழற்சியை, அதாவது இன்ஃப்ளமேஷனை, தணிக்கிறது. இந்த இரண்டைத்தான் நான் தைரியமாகச் சொல்வேன்.

நடக்கும்போது ரத்தத்தில் அப்படி என்னதான் நடக்கிறது?

வேலையில் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் மெரினாவில் கலங்கரை விளக்கத்தில் தொடங்கி நேப்பியர் பாலம் வரை ஓடிவிட்டு, வியர்வை காயாமல் நேராக லேபுக்கு வந்தார். வெறும் வயிறுதானே, அப்படியே சர்க்கரையும் பார்த்துவிடலாம் என்ற கணக்கு. வெள்ளையணு எண்ணிக்கை 12,000-ஐத் தாண்டிவிட்டது. சாதாரணமாக ஒரு கன மில்லிமீட்டரில் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். காய்ச்சல் இல்லை, சளி இல்லை, மனிதர் பயந்துபோனார். மறுநாள் அரை மணி நேரம் உட்கார வைத்து எடுத்தோம். எட்டாயிரத்துச் சொச்சம். அன்றிலிருந்து, ஓடி வந்தவர்களை முதலில் உட்கார வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பேன்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பாஸ்டன் மாரத்தான் ஓடியவர்களின் ரத்தத்தில் வெள்ளையணு ஏறியிருப்பதை 1902-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

காரணம் இதுதான். நம் வெள்ளையணுக்களில் பெரும்பங்கு எந்த நேரமும் ரத்த ஓட்டத்தில் மிதந்துகொண்டிருப்பதில்லை. ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு, மண்ணீரலில், நுரையீரலில் என்று ஒதுங்கி இருக்கும். வேகமாக நடந்தாலோ ஓடினாலோ இதயம் வேகமாக அடிக்கிறது, அட்ரினலின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. அந்த அட்ரினலினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் சில செல்களில் அதிகம். அவை சில நிமிடங்களுக்குள் சுவரை விட்டுக் கிளம்பிவிடுகின்றன. முதலில் கிளம்புபவை 'இயற்கைக் கொல்லி செல்கள்'. வைரஸ் புகுந்த செல்லையும் புற்றாக மாறிய செல்லையும் முன் அறிமுகம் இல்லாமலே அடையாளம் கண்டு தாக்குவது இவற்றின் வேலை. கடுமையான பயிற்சியில் ரத்தத்தில் இவற்றின் எண்ணிக்கை பத்து மடங்கு வரைகூடப் போகும். நம் பூங்கா நடையில் அவ்வளவு போகாது. ஆனால் மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவுக்கு நடந்தால் நிச்சயம் ஏறும். பெஞ்சுக்குப் பெஞ்சு நின்று பேசிக்கொண்டே நடந்தால் ஏறுமா என்று கேட்காதீர்கள். நானும் அந்தக் கட்சிதான்.

மாரத்தான் ஓடினால் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும் என்கிறார்களே? ஜனவரி ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், ஆன்ட்டி.

இது கல்லூரிப் பையன் ஒருவன் கேட்டது. கேட்கவேண்டிய கேள்விதான், ஏனென்றால் இதற்கான பதில் முப்பது வருஷத்தில் பாதி மாறிவிட்டது.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 56 கிலோமீட்டர் ஓடும் ஒரு போட்டி உண்டு. அதில் ஓடிய 150 பேரையும், அவர்களோடு ஒரே வீட்டில் இருந்து ஓடாதவர்களையும் ஒப்பிட்டு 1983-ல் ஒரு ஆய்வு வந்தது. ஓடியவர்களில் 33 சதவீதம் பேருக்கு அடுத்த இரண்டு வாரத்துக்குள் சளி, தொண்டை வலி. ஓடாதவர்களில் 15 சதவீதம். பிறகு 1987 லாஸ் ஏஞ்சல்ஸ் மாரத்தான். போட்டியை அடுத்த வாரத்தில் நோய் வந்ததாகச் சொன்னவர்கள் ஓடியவர்களில் 12.9 சதவீதம், பயிற்சி எடுத்தும் போட்டியன்று ஓடாதவர்களில் 2.2 சதவீதம். இதை ஆராய்ந்தவர் டேவிட் நீமன். இந்த மாதிரி விவரங்களை வைத்துத்தான் அவர் ஆங்கில 'ஜே' எழுத்து வடிவில் ஒரு கோடு வரைந்தார். சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு ஓரளவு ஆபத்து, மிதமாகச் செய்பவருக்கு அதைவிடக் குறைவு, எல்லை மீறிச் செய்பவருக்கு எல்லோரையும்விட அதிகம். அதோடு 'திறந்த ஜன்னல்' என்று ஒரு கருத்தும் சேர்ந்தது. கடும் ஓட்டத்துக்குப் பிறகு சில மணி நேரம் உடம்பு கிருமிக்கு ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது என்பார்கள்.

ஆதாரமாகக் காட்டியது ரத்தக் கணக்கு. ஓடி முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் லிம்போசைட்டுகள் என்ற வகை வெள்ளையணுக்கள் ஓடுவதற்கு முன் இருந்ததைவிடவும் கீழே போய்விடும். எண்ணிப் பார்த்தால் அது உண்மைதான். ஆனால் அவை எங்கே போயின?

பங்குனியில் அறுபத்து மூவர் அன்று மாட வீதியில் எள் போட்டால் எள் விழாது. இரவு போய்ப் பாருங்கள், வெறிச்சோடிக் கிடக்கும். மயிலாப்பூரின் ஜனத்தொகை குறைந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா? அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். எலிகளின் செல்களுக்கு அடையாளச் சாயம் பூசி, பயிற்சிக்குப் பிறகு தேடிப் பார்த்தபோது அவை நுரையீரலிலும் குடலிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருந்தன. கிருமி உள்ளே வரும் வாசல்கள் நுரையீரலும் குடலும்தானே. ரத்தம் என்பது தெரு மட்டும்தான். நாங்கள் லேபில் தெருவில் நிற்பவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோம். ஒரு நாளுக்குள் எண்ணிக்கை பழையபடி வந்துவிடும். பயிற்சியால் எதிர்ப்புச் சக்தி ஒடுங்குகிறது என்ற நம்பிக்கையையே கேள்வி கேட்டு 2018-ல் கேம்ப்பெல், டர்னர் என்ற இருவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பலர் இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். சாயாதவர்களும் இருக்கிறார்கள், சண்டை இன்னும் ஓயவில்லை.

இன்னொன்று. அந்தப் பழைய ஆய்வுகளில் 'சளி பிடித்தது' என்பது ஓடியவர் தாமே சொன்னது. பிற்பாடு, நோய் அறிகுறி சொன்ன விளையாட்டு வீரர்களிடம் மாதிரி எடுத்து லேபில் பார்த்தார்கள். 37 முறையில் 11 முறைதான் கிருமி அகப்பட்டது. மீதியில் பலவும் வறண்ட காற்றை வாய் வழியாக இழுத்ததால் வந்த தொண்டை எரிச்சலாகவோ அலர்ஜியாகவோ இருந்திருக்கலாம்.

அப்படியானால் போட்டிக்குப் பிறகு நோயே வராதா என்றால், வரும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் இருமிக்கொண்டு நிற்கிறார்கள், முந்தின இரவு பதற்றத்தில் தூக்கம் இல்லை, சாப்பாடு சரியில்லை. தூக்கத்தின் பங்கு சாதாரணமானதல்ல. 164 பேரின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டு விட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-ல் வந்தது. ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல். ஆகவே தம்பி, ஓடு. ஆனால் வாரம் பத்து கிலோமீட்டரில் இருந்து ஒரே தாவலாக நாற்பதுக்குப் போகாதே. நீண்ட ஓட்டத்தின்போது பட்டினி கிடக்காதே. வழியில் கொஞ்சம் மாவுச்சத்து உள்ளே போனால் மன அழுத்த ஹார்மோன்கள் அவ்வளவாக ஏறுவதில்லை. போட்டி முடிந்த ராத்திரியே கல்யாண ரிசப்ஷனில் இருநூறு பேரோடு கை குலுக்காதே.

அப்போ தினமும் நடப்பவர்களுக்குச் சளியே பிடிக்காதா?

பிடிக்கும். எனக்கு வருஷம் ஒரு முறை நிச்சயம்.

அதே நீமன் 2011-ல், 1,002 பேரை இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலுமாக 12 வாரம் கவனித்து ஒரு ஆய்வை வெளியிட்டார். வாரத்தில் ஐந்து நாளோ அதற்கு மேலோ பயிற்சி செய்தவர்கள், செய்யாதவர்களைவிட 43 சதவீதம் குறைவான நாட்களே மூக்கடைப்போடு கழித்தார்கள். 'நாட்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். எத்தனை முறை பிடித்தது என்பது வேறு, எத்தனை நாள் படுத்தியது என்பது வேறு. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த சோதனைகளை எல்லாம் மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தபோதும் இதேதான். பயிற்சியால் சளி வரும் தடவை குறைகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வந்தால் அதன் கடுமை குறைகிறது, அறிகுறிகள் சீக்கிரம் அடங்குகின்றன என்பதற்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது.

வருஷக்கணக்காகச் செய்துவந்தால் என்ன ஆகும்? எனக்கு அறுபத்தைந்து ஆகிறது, இனிமேல் தொடங்கிப் பயன் உண்டா?

முதலில் வயது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. டி செல்கள் என்ற ஒரு வகை வெள்ளையணுக்கள் பாடம் படிக்கும் பள்ளிக்கூடம் அது. நம் வயது ஏற ஏற அது சுருங்கி, கொழுப்பாக மாறிக்கொண்டே வரும். அதனால்தான் வயதானவர்களுக்குப் புதுக் கிருமி வந்தால் சமாளிப்பது கஷ்டம். பழைய கிருமிகளை நினைவு வைத்திருக்கும் செல்கள் நிறைய இருக்கும், புதிதாகக் கற்றுக்கொள்ளும் செல்கள் குறைந்திருக்கும்.

இங்கிலாந்தில் 55 முதல் 79 வயது வரையுள்ள 125 சைக்கிள்காரர்களை ஆராய்ந்து 2018-ல் முடிவு வெளியிட்டார்கள். தொழில்முறை வீரர்கள் இல்லை, ஆனால் சும்மாக் கடைத்தெருவுக்கு மிதிப்பவர்களும் இல்லை. ஆண்கள் ஆறரை மணி நேரத்துக்குள் 100 கிலோமீட்டரும் பெண்கள் ஐந்தரை மணி நேரத்துக்குள் 60 கிலோமீட்டரும் போக முடிந்தவர்கள். தைமஸிலிருந்து அண்மையில் வெளிவந்த புது டி செல்கள் இவர்கள் ரத்தத்தில், அதே வயதில் பயிற்சி இல்லாமல் இருந்தவர்களைவிட அதிகமாக இருந்தன. செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் இன்டர்லூகின் என்ற பொருட்களில், தைமஸைக் காக்கும் இன்டர்லூகின்-7 அதிகம், அழற்சியோடு சேர்ந்த இன்டர்லூகின்-6 குறைவு. கிழடு தட்டிய டி செல்களின் அளவு மட்டும் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பத்திரிகைச் செய்திகளில் இந்தக் கடைசி வரி வரவில்லை. மிதித்ததால் அப்படி ஆனார்களா, நல்ல உடம்பு வாய்த்ததால் அந்த வயதிலும் மிதிக்க முடிந்ததா என்பதையும் இந்த ஒரு ஆய்வு தீர்த்து வைக்காது.

அப்புறம் அழற்சி. அடிபட்ட இடம் சிவந்து வீங்குவது நல்ல அழற்சி. வந்த வேலை முடிந்ததும் போய்விடும். தொப்பைக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு வேறு மாதிரி. அது அழற்சிக்கான ரசாயனங்களை ராப்பகலாகக் கசியவிடும். அடுப்பை சிம்மில் வைத்துவிட்டு ஊருக்குப் போன மாதிரி. பொங்கி வழியாது, தீயாது. பாத்திரம் மட்டும் மெல்லக் கறுத்துக்கொண்டே இருக்கும். சர்க்கரை நோய், மாரடைப்பு எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. என்று பார்த்திருப்பீர்களே, இதை ஓரளவு காட்டிக் கொடுக்கும் புரதங்களில் அது ஒன்று.

இங்கே ஒரு வேடிக்கை. சைக்கிள்காரர்களுக்குக் குறைவாக இருந்தது என்று சொன்னேனே, அந்த இன்டர்லூகின்-6 தசை வேலை செய்யும்போதும் வெளிவருகிறது. மாரத்தான் முடிவில் நூறு மடங்குகூட ஏறும். கெட்டது என்று நினைத்திருந்த பொருளைத் தசை ஏன் இப்படிக் கொட்டுகிறது? டென்மார்க்கின் பென்டே கிளார்லுண்ட் பெடர்சன் குழுவினர் இதைத் துருவினார்கள். தசையிலிருந்து வரும்போது அது கொஞ்ச நேரம் ஏறிவிட்டு இறங்கிவிடுகிறது. போகிற போக்கில் இன்டர்லூகின்-10 போன்ற, அழற்சியை அடக்கும் பொருட்களைக் கூப்பிட்டு விட்டுவிட்டுப் போகிறது. கொழுப்பிலிருந்து வரும்போது நாள் முழுக்க நச்சரிக்கிறது. ஒரே பொருள், வந்த இடமும் தங்கும் நேரமும் வேறு. உப்பு மாதிரிதான்.

ஆகவே அறுபத்தைந்தில் தொடங்கினால் தைமஸ் திரும்ப வளருமா என்றால், அந்த ஆசை வேண்டாம். சிம்மில் எரியும் அடுப்பைத் தணிக்க எந்த வயதிலும் முடியும். எடை இறங்காவிட்டாலும் தொப்பைக்குள் இருக்கும் கொழுப்பு பயிற்சியால் குறையும். தராசைப் பார்த்து மனம் உடையவேண்டாம், வேட்டியை எங்கே கட்டுகிறீர்கள் என்று பாருங்கள்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. காலில் சின்னப் புண் வந்தாலும் ஆற மாட்டேன் என்கிறது. நடந்தால் உதவுமா?

ரத்தத்தில் சர்க்கரை தொடர்ந்து அதிகமாக இருந்தால் நியூட்ரோபில் என்ற முதல் வரிசைச் சிப்பாய்கள் மந்தமாகிவிடுகின்றன. தசை சுருங்கும்போது இன்சுலின் உதவி இல்லாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதுகூட ஏற்றத்தைக் குறைக்கும். ஆனால் புண் இருக்கும் காலோடு நடக்காதீர்கள். முதலில் டாக்டரிடம் காட்டி ஆற்றுங்கள். அதுவரை உட்கார்ந்தபடி கைக்குப் பயிற்சி செய்யலாம். பூங்காவில் வெறுங்காலோடு எட்டு போட்டு நடக்கும் மாமாக்களுக்கும் இது சேர்த்துத்தான். மரத்துப்போன பாதத்துக்கு முள் குத்தியது தெரியாது.

தடுப்பூசி போட்டுக்கொள்கிறேனே, பயிற்சி எதற்கு?

இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். அதுவரை பயிற்சி பழக்கம் இல்லாத 144 முதியவர்களை அமெரிக்காவில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பத்து மாதம் மூச்சு வாங்கும் பயிற்சி, மற்றதற்கு உடம்பை வளைத்து நீட்டும் பயிற்சி. இடையில் இரு பிரிவுக்கும் ஃப்ளூ ஊசி. 24 வாரம் கழித்துப் பார்த்தபோது, ஊசி தந்த பாதுகாப்பு முதல் பிரிவில் அதிகம் பேருக்கு நிலைத்திருந்தது. ஊசிக்கு முந்தின நாள் ஒரு ரவுண்டு போனால் போதும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பத்து மாதம்!

கொரோனாவில் ஜிம்முக்குப் போனவர்களே போய்ச் சேர்ந்தார்களே?

போனார்கள், எனக்குத் தெரிந்தவர்களும் உண்டு. தனி மனிதர் கதையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, மறுக்கவும் முடியாது. கலிஃபோர்னியாவில் தொற்று வந்த 48,440 பேரின் பழைய மருத்துவப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். வாரம் 150 நிமிடமாவது பயிற்சி செய்துவந்ததாக முன்பே பதிவாகியிருந்தவர்களைவிட, எப்போதும் பயிற்சியே இல்லாதவர்கள் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு இரண்டேகால் மடங்கு. 2021-ல் வந்த ஆய்வு. பணம், சாப்பாடு, வேலை என்று கண்ணுக்குத் தெரியாத வித்தியாசங்களும் இதில் கலந்திருக்கும். ஆனாலும் மற்ற நோய்த்தொற்றுகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாலும் திசை இதேதான். பயிற்சி தொற்றைத் தடுக்கும் கதவு இல்லை. உள்ளே வந்தவன் செய்யும் சேதத்தைக் குறைக்கிறது.

லேசாக உடம்பு சுடுகிறது. வியர்க்க நடந்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒரு நவம்பர் மாதம், மழை விட்டிருந்த காலை. உடம்பு கனகனவென்று இருந்தது. ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வழக்கத்தை விடக்கூடாது என்ற வீம்பில் ஐந்து ரவுண்டு நடந்தேன். மறுநாள் எழுந்து நின்றால் தலை சுற்றல், கண்ணுக்குப் பின்னால் குத்தல். டெங்கு. பிளேட்லெட் 62,000-க்கு இறங்கிவிட்டது. எத்தனை பேருக்கு எண்ணிக் கொடுத்திருப்பேன், எனக்கு வந்தபோது புத்தி வேலை செய்யவில்லை.

விளையாட்டு மருத்துவர்களிடம் எளிய கணக்கு ஒன்று உண்டு: கழுத்துக்கு மேலா, கீழா? மூக்கு ஒழுகல், தும்மல் மட்டும் என்றால் மெதுவாக நடக்கலாம். பத்து நிமிடத்தில் உடம்பு கேட்கவில்லை என்றால் வீட்டுக்குத் திரும்பவும். காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சில் சளி, வாந்தி, பேதி என்றால் படுக்கை. சில வைரஸ்கள் இதயத் தசையையும் தாக்கும். அப்போது கடுமையாக உடம்பை வருத்துவது ஆபத்து. இதயத் தசையில் அழற்சி உறுதியானவர்களை மூன்று முதல் ஆறு மாதம் போட்டி விளையாட்டே வேண்டாம் என்று நிறுத்தி வைப்பார்கள். நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம் வந்தால் கழுத்துக் கணக்கெல்லாம் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஓய்வைப் பற்றிப் பேசும்போது நம் ஊர்க் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. காசநோய்க்கு மாதக்கணக்கில் படுக்கையும் நல்ல காற்றும்தான் வைத்தியம் என்று உலகமே நம்பியிருந்த காலம். இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, 1956-ல் சென்னையில் சின்னதாகத் தொடங்கியது. அங்கே 193 நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் மறு பாதியை வீட்டிலும் வைத்து, இருவருக்கும் அதே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, இட நெருக்கடி, ஓய்வும் குறைவு. ஆனாலும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். 1959-ல் வந்த முடிவு, உலகம் காசநோய்க்கு வைத்தியம் பார்க்கும் முறையையே மாற்றியது. குணமாக்கியது மாத்திரை, நடமாட்டம் அதைக் கெடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் நடக்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமாக, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையாக. இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. வயதானவர்கள் கீழே விழாமல் இருக்க, சமநிலைப் பயிற்சி மூன்று நாள். மிதமானது என்றால், பேச முடியும், பாட முடியாது. மார்கழியில் திருப்பாவை பாடிக்கொண்டே நடக்கிறவர்கள் கணக்கில் சேர மாட்டார்கள், மன்னிக்கவும். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் எட்டு கிலோமீட்டர் பாதை. சென்னையில் பெசன்ட் நகரில். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளே எட்டையும் முடிக்க வேண்டியதில்லை.

தசைப் பயிற்சியைப் பெண்கள் அலட்சியப்படுத்துகிறோம். ஜிம் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருங்கள், பத்து முறை.

வெயில், புகை இதையெல்லாம் என்ன செய்வது?

கத்திரியில் காலை ஆறரைக்கே கசகசப்பு. வெயிலில் கடுமையாக ஓடினால் ரத்தம் குடலை விட்டுத் தோலுக்கும் தசைக்கும் திரும்பும். குடலின் தடுப்புச் சுவர் கொஞ்சம் இளகி, உள்ளே இருக்கும் பாக்டீரியாத் துணுக்குகள் ரத்தத்தில் கசியும். தணிக்கப் போன அழற்சியை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆகும். மே மாதத்தில் வேகத்தைக் குறையுங்கள். போகி அன்று காலை வெளியே போகாதீர்கள், டயர் புகையை மூச்சு வாங்க இழுப்பதில் புண்ணியம் இல்லை. மற்ற நாட்களில் பெரிய சாலை ஓரத்தைவிட உள் தெரு மேல்.

வீட்டு வேலை எல்லாம் நானே செய்கிறேன். அது போதாதா?

மாவு ஆட்டுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது, மாடிப்படி ஏறித் துணி காயப்போடுவது என்று மூச்சு வாங்கும் வேலையாக இருந்தால் கணக்கில் வரும். கிரைண்டர், வாஷிங் மெஷின், லிஃப்ட் வந்தபிறகு எவ்வளவு மிச்சம் என்று நீங்களே பாருங்கள். களைப்பு வேறு, பயிற்சி வேறு. நாள் முழுக்க அடுப்படியில் நின்றால் களைப்பு வரும், இதயம் வேகமாக அடிக்காது. தமிழ்நாடு உட்பட நான்கு இடங்களில் எடுத்து 2014-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கெடுப்பில் 54.4 சதவீதம் பேர் உடலுழைப்பு போதாதவர்கள். ஓய்வு நேரத்தில் விளையாட்டு, நடை என்று எதையாவது செய்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. பெண்களுக்கு நேரம் இல்லை என்பதும் உண்மை. வீட்டில் யாராவது காலைக் காபியைப் போட்டுக்கொண்டால் அரை மணி நேரம் கிடைக்கும்.

பூங்கா வாசலில் நெல்லிக்காய்ச் சாறு, அருகம்புல் சாறு குடிக்கிறேனே?

குடியுங்கள், நானும் குடிப்பேன். வைட்டமின் சி தினமும் சாப்பிட்டால் சாதாரண ஆட்களுக்குச் சளி வரும் தடவை குறைவதில்லை. மாரத்தான் ஓடுபவர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் ராணுவத்தினர் மாதிரி கடுமையாக உடம்பை வருத்தியவர்களிடம் மட்டும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மூன்று ரவுண்டு நடந்துவிட்டு அந்தப் பட்டியலில் நம் பெயரைச் சேர்த்துக்கொள்ள முடியாது.

எனக்கு ரூமட்டாய்டு இருக்கிறது. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டி நோயை அதிகப்படுத்திவிடாதா? எச்.ஐ.வி. இருப்பவர்கள் செய்யலாமா?

நல்ல பயம், ஆனால் தேவையில்லாத பயம். மூட்டு கொதித்து வீங்கியிருக்கும் நாட்களில் அந்த மூட்டுக்கு ஓய்வு. மற்றபடி பயிற்சி நோயைக் கிளறுவதில்லை. வலியும் அசதியும் குறைகின்றன. எச்.ஐ.வி.யிலும் அப்படித்தான். இந்தியாவில் அந்தத் தொற்றை 1986-ல் முதலில் கண்டுபிடித்தது சென்னையில்தான், மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர்.  பிற்பாடு வந்த சோதனைகளில் பயிற்சியால் சி.டி.4 (எச்.ஐ.வி. அழிக்கும் டி செல்கள்) எண்ணிக்கை குறையவில்லை, பெரிதாகக் கூடவும் இல்லை. உடம்பில் தெம்பு கூடியது. மாத்திரையை நிறுத்தாமல் நடக்கலாம்.

புற்றுநோயைத் தடுக்குமா?

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடிந்த 889 பேரிடம் செய்த சோதனையின் முடிவு 2025-ல் வந்தது. மூன்று வருஷம் கண்காணிப்போடு பயிற்சி செய்தவர்களில் ஐந்தாவது ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 80.3 சதவீதம், அறிவுரைப் புத்தகம் மட்டும் பெற்றவர்களில் 73.9. ஓடிய எலிகளுக்குக் கட்டி சிறுத்தபோது அதற்குள் இயற்கைக் கொல்லி செல்கள் நிறையப் புகுந்திருந்தன என்று தெரியும். மனிதர்களிலும் காரணம் அதுதானா என்பதை அந்தச் சோதனை காட்டவில்லை.

மழைக்காலத்தில் நடக்க முடியவில்லை. இரண்டு வாரம் விட்டால் எல்லாம் போய்விடுமா?

எல்லாம் போகாது. ஆனால் நாம் நினைப்பதைவிட வேகமாகக் கரையும். ஆரோக்கியமாக இருந்த பத்து முதியவர்களை 14 நாள் மட்டும் நடையை முக்கால் பங்கு குறைக்கச் சொன்னார்கள். படுக்க வைக்கவில்லை, வீட்டுக்குள் நடமாடினார்கள். அதற்கே காலின் தசை கிட்டத்தட்ட நான்கு சதவீதம் குறைந்தது, இன்சுலின் வேலை செய்வது மந்தமானது, சி.ஆர்.பி. ஏறியது.

வடகிழக்குப் பருவமழையில் இரண்டு வாரம் என்பது நமக்குச் சர்வ சாதாரணம். எங்கள் அபார்ட்மென்டில் கார் நிறுத்தும் இடத்தில் தூண்களைச் சுற்றி நடப்போம். கணுக்கால் அளவு தண்ணீர் நின்றால் மூன்றாவது மாடி வராந்தா: இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி நாற்பத்திரண்டு அடி, எண்ணி வைத்திருக்கிறேன். கீழ்வீட்டு மாமி சத்தம் போடுவார். போன டிசம்பரில் அவரும் வந்து சேர்ந்துகொண்டார்.